வட்டத்தில் என் முறை

ஜனவரி 27, திங்கள்

குளியலறைக்குப் போகும் நடையில் ஒரு பல்பு இரவு முழுக்க எரியும். அதன் கீழே உட்கார்ந்து எழுதுகிறேன். யாராவது எழுந்து வந்தால் வயிற்றுவலி என்று சொல்லிக்கொள்ளலாம். சமூக அறிவியல் ரஃப் நோட்டைத் திருப்பிக் கடைசிப் பக்கத்திலிருந்து தொடங்கியிருக்கிறேன். முன்பக்கம் இரண்டாம் உலகப்போர். பின்பக்கம் நான்.

பெயர் அனுசுயா. பத்தாம் வகுப்பு. தருமபுரிக்கு வெளியே இருக்கும் இந்தப் பெண்பிள்ளைகள் இல்லத்துக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. மொத்தம் இருபத்திரண்டு பேர். சிலரை வீட்டில் தேடுகிறார்கள், சிலரை யாரும் தேடவில்லை. இரண்டில் எது மோசம் என்று ஹசீனா கேட்டுக்கொண்டே இருப்பாள். ஹசீனா என் பக்கத்துப் பாய்.

இங்கே பெரிய விதி ஒன்றுதான். இல்லத்தை நடத்தும் தமயந்தி மேடத்துக்குத் தெரியாமல் வீட்டோடு பேசக்கூடாது. போன தீபாவளிக்கு ஒருத்தி பேசிவிட்டாள். அவள் அம்மா அழுததும் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டாள். பிடித்து வந்து மறுநாளே சேலத்தில் வேறு இல்லத்துக்கு மாற்றிவிட்டார்கள். அவள் பெயரைக்கூட இப்போது யாரும் சொல்வதில்லை.

மதியம் ஜனனி வீட்டுக்குப் போய்க் கணக்கு கைடு வாங்கி வந்தேன். ஜனனி என் வகுப்பு. வீடு பள்ளிக்கூடத்துக்குப் பின்னாலேயே.

இன்றிலிருந்து எழுதலாம் என்று தோன்றியது. காரணம் ஒன்றும் இல்லை.

ஜனவரி 28, செவ்வாய்

நாளை வெளிநாட்டிலிருந்து இரண்டு பேர் வருகிறார்கள். எஸ்டோனியா. பிளெஸ்ஸி அக்கா உலக வரைபடத்தில் காட்டினார். ரஷ்யாவின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அவர்களும் பிளெஸ்ஸி அக்கா மாதிரிதான், வீட்டில் கஷ்டப்படும் பிள்ளைகளோடு வேலை செய்பவர்கள். பத்து நாள் இங்கே இருந்து நம் இல்லத்தில் எப்படி வேலை நடக்கிறது என்று பார்ப்பார்கள். மே மாதம் பிளெஸ்ஸி அக்கா அங்கே போய்ப் பார்ப்பார்.

"அக்கா, அங்க ஐஸா கொட்டுமாம். நீங்க நம்ம வெயில்லயே சளி புடிச்சிக் கெடப்பீங்க" என்றாள் ஹசீனா.

"உன்ன மடிச்சுப் பெட்டியில வச்சிக்கிறேன்டி. கம்பளி மாதிரி இருப்ப" என்றார் அக்கா.

சிரிப்பு அடங்கியதும் மேடம் என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு தாளைக் கொடுத்தார். ஆங்கிலத்தில் பத்து வரி. என் பெயர், என் ஊர், எட்டாவது முடித்ததிலிருந்தே தாய்மாமனுக்கு என்னைக் கட்டிவைக்கப் பார்த்தது, நான் தப்பித்து வந்தது, நன்றாகப் படிப்பது, நர்ஸ் ஆக விரும்புவது. பத்தாவது வரி: நான் இப்போது பாதுகாப்பாகவும் மகிழ்ச்சியாகவும் இருக்கிறேன்.

"அஞ்சாம் தேதி கலெக்டர் ஆபீஸ்லேர்ந்தும் வருவாங்க. தடுமாறாம சொல்லணும்" என்றார் மேடம்.

பத்தாவது வரிதான் மனப்பாடம் ஆகமாட்டேன் என்கிறது.

ஜனவரி 29, புதன்

வந்துவிட்டார்கள். அந்த அக்கா பெயர் காத்ரின். அண்ணன் பெயர் ஊர்மாஸ். "ஊருக்கே மாஸா?" என்று ஹசீனா கேட்டதில் காலையிலிருந்து யாராலும் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. சாப்பிட்ட தட்டை அவரே கழுவினார். சமையல் செய்யும் அம்மா பதறிப்போய்ப் பிடுங்கினார். அவர் விடவில்லை. கொஞ்ச நேரம் இரண்டு பேரும் தட்டை இழுத்துக்கொண்டு நின்றார்கள்.

சாயங்காலம் எல்லோரையும் வட்டமாக உட்காரவைத்தார்கள். அவர்கள் ஊரில் தினமும் முடிக்கும்போது இப்படித்தான் செய்வார்களாம். ஒவ்வொருவரும் இன்று தன் மனசு எப்படி இருந்தது என்று வானிலை மாதிரி சொல்ல வேண்டும். ஒருவர் சொல்வதற்கு மற்றவர்கள் பதில் சொல்லக்கூடாது, கேள்வி கேட்கக்கூடாது, சிரிக்கக்கூடாது. கேட்டுக்கொள்ள வேண்டும். அடுத்தவர் சொல்ல வேண்டும். அவ்வளவுதான். பிளெஸ்ஸி அக்கா அவர்களுக்கு மொழிபெயர்ப்பார்.

நல்லதாகச் சொல்லுங்கள் என்று மேடம் ஏற்கெனவே சொல்லியிருந்தார். அதனால் முதல் பெண் "மழை" என்றாள். அடுத்தவளும் மழை. ஹசீனா "இடி மின்னலோட பேய்மழை" என்றாள். இருபத்திரண்டு பேரும் மழை. காத்ரின் அக்காவின் முகம் சுருங்கிக்கொண்டே போனது. கடைசியில் அவர் பிளெஸ்ஸி அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ கேட்டார். எங்கள் எல்லோருக்கும் அவ்வளவு துக்கமா என்று கேட்டாராம்.

பிளெஸ்ஸி அக்கா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த ஊரில் மழை என்றால் சோகம், வெயில் என்றால் சந்தோஷமாம். "வந்து மே மாசம் இருந்து பாக்கச் சொல்லுக்கா" என்றாள் ஹசீனா.

நானும் மழை என்றுதான் சொன்னேன்.

மதியம் கைடைத் திருப்பிக் கொடுக்க ஜனனி வீட்டுக்குப் போனேன்.

ஜனவரி 30, வியாழன்

ஊர்மாஸ் அண்ணனின் வேலை என்ன தெரியுமா? சாயங்காலம் கடைத்தெருவிலும் பஸ் நிறுத்தத்திலும் போய் நிற்பது. அங்கே வீட்டுக்குப் போகப் பிடிக்காமல் பையன்களும் பெண்களும் நிற்பார்களாம். அவர்களோடு சும்மா நிற்பாராம். எதுவும் கேட்கமாட்டாராம். ஒருத்தன் ஏழு மாதம் கழித்துத்தான் பெயரையே சொன்னானாம்.

"நம்மூர்ல பஸ் ஸ்டாண்டுல நின்னா செருப்பால அடிப்பாங்க. இவருக்கு அதுக்குச் சம்பளமா?" என்றாள் ஹசீனா.

ஏழு மாதம். எனக்கு அவ்வளவு நாள் இல்லை என்று நினைத்தேன். ஏன் அப்படி நினைத்தேன் என்று தெரியவில்லை. பரீட்சை மார்ச்சில் வருகிறது, அதனால் இருக்கும்.

ஜனவரி 31, வெள்ளி

மறுபடியும் ஜனனி வீடு.

சரி. எழுதிவிடுகிறேன். கைடு இல்லை. ஜனனியின் அம்மா மதியம் மில்லுக்குப் போய்விடுவார், ஃபோன் வீட்டில் இருக்கும். நான் அம்மாவோடு பேசினேன். மூன்று தடவை பேசிவிட்டேன்.

அம்மா நன்றாக இருக்கிறாள். ரேணு நன்றாக இருக்கிறாள். ரேணு என் தங்கை, எட்டாவது படிக்கிறாள். அவளுக்குப் பச்சை நிறத்தில் பட்டுப்புடவை எடுத்திருக்கிறார்களாம். அவளுக்குப் பச்சை பிடிக்கும்.

வேறு ஒன்றும் பேசவில்லை.

பிப்ரவரி 1, சனி

அரிசியில் கல் பொறுக்கினோம். இன்று எழுத ஒன்றும் இல்லை.

பிப்ரவரி 2, ஞாயிறு

அந்த ஃபோன்களில் வேறும் பேசினோம்.

ரேணுவுக்குக் கல்யாணம். பத்தாம் தேதி திங்கட்கிழமை. மாமாவோடுதான். மூத்தவள் ஓடிவிட்டாள், சின்னவளையாவது கொடுக்காவிட்டால் அக்கா தம்பி உறவே அறுந்துபோகும் என்று அப்பா முடிவு செய்துவிட்டாராம். ரேணுவுக்குப் பதின்மூன்று வயது.

அம்மா இதை அழாமல் சொன்னாள். "திங்கக்கெழம விடியக்காலம் நாலரைக்கு. மலையடி முனியப்பன் கோயில்ல. முந்தின வெள்ளிக்கெழமையே வீட்டுல நலங்கு வச்சிருவாங்க" என்றாள். நான் பேசவில்லை. "கேக்குதாடி? நாலரைக்கு. முனியப்பன் கோயிலு. பெரிய கோயிலு இல்ல, மலையடியில இருக்குதே அது" என்று மறுபடியும் சொன்னாள். எனக்கு அந்தக் கோயில் தெரியாதா? எங்கள் இரண்டு பேருக்கும் அங்கேதான் மொட்டை அடித்தார்கள்.

பிறகு, "நான் சொன்னேன்னு அங்க யாருகிட்டயும் சொல்லிடாத. உங்கப்பன் வெட்டிருவான். எம்மேல சத்தியம்" என்றாள். சத்தியம் செய்தேன். ஆகையால் நான் யாரிடமும் சொல்ல முடியாது.

சென்றாயன் மாமா கெட்டவர் இல்லை. அதுதான் எனக்குப் பெரிய பயம். எனக்கு ஏழு வயதில் காய்ச்சல் வந்தபோது தோளில் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிவரை நடந்தவர். இப்போது அவருக்கு இருபத்தொன்பது. யாராவது போய் விசாரித்தால் ஊரே அவரை நல்லவர் என்றுதான் சொல்லும்.

போன ஜூனில் நான் வெளியே வந்த அன்று தாழ்ப்பாளைத் திறந்துவிட்டது ரேணுதான். சத்தம் வராமல் இருக்கத் தேங்காய் எண்ணெய் போட்டிருந்தாள். எனக்குத் தோன்றவே இல்லை, அவளுக்குத் தோன்றியது. "நானும் வரேன்" என்றாள். "ரெண்டு நாள்ல வந்து கூட்டிட்டுப் போறேன்" என்றேன்.

அம்மா கல்யாணம் என்று சொன்னதும் என் மனசில் முதலில் வந்தது என்ன என்று எனக்குத் தெரியும். இனிமேல் என்னைக் கூப்பிடமாட்டார்கள் என்று

அதை எழுதமாட்டேன்.

பிப்ரவரி 3, திங்கள்

பள்ளியில் ஆங்கில டீச்சரிடம் ஒரு வாக்கியத்தை மொழிபெயர்த்துத் தரச் சொன்னேன். "என் தங்கைக்கு வரும் திங்கட்கிழமை கல்யாணம், அவளுக்கு வயது பதின்மூன்று." டீச்சர் நிமிர்ந்து பார்த்தார். நாடகத்துக்கு என்றேன். எழுதிக் கொடுத்தார்.

யோசித்துப் பார்த்துவிட்டேன். அம்மா 'அங்க யாருகிட்டயும்' என்றுதான் சொன்னாள். வெள்ளைக்காரர்கள் அங்கே இருப்பவர்கள் இல்லை. வெள்ளிக்கிழமை போய்விடுவார்கள். அவர்களைப் பார்த்து ஆங்கிலத்தில் சொன்னால் அது சத்தியத்தில் சேராது. புதன்கிழமை கலெக்டர் ஆபீஸ்காரர்கள் முன்னால் பத்தாவது வரிக்குப் பதிலாக இதைச் சொல்லிவிடப் போகிறேன். மேடத்தால் விருந்தாளிகளுக்கு முன்னால் என்னை ஒன்றும் செய்ய முடியாது. அதற்கப்புறம் சேலத்துக்கு அனுப்பினாலும் அனுப்பட்டும்.

நூறு தடவை சொல்லிப் பார்த்திருப்பேன். ஹசீனா, "தூக்கத்துல இங்கிலீஷ் பேசறடி. உனக்குப் பாஸ்போர்ட் எடுக்கணும்" என்றாள்.

மதியம் அம்மாவுக்குப் பேசினேன், நான்காவது தடவை. ரேணுவிடம் கொடு என்றேன். "அவ பேசமாட்டா" என்றாள். கொடுக்கமாட்டேன் என்று அம்மா சொல்லவில்லை. அவள் பேசமாட்டாள் என்றாள்.

பிப்ரவரி 4, செவ்வாய்

போய்விட்டது.

சாயங்காலம் ஒத்திகை. மேடம் என்னை மைக் முன்னால் நிறுத்தினார். நான் இரண்டாவது வரிவரைக்கும்தான் சொல்லியிருப்பேன். காத்ரின் அக்கா கையை உயர்த்தி நிறுத்தினார். மேடமும் அவரும் பிளெஸ்ஸி அக்காவும் ஆபீஸ் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். ஜன்னல் வழியே மேடத்தின் குரல் மட்டும் உயர்ந்து உயர்ந்து கேட்டது.

அரைமணி நேரம் கழித்து பிளெஸ்ஸி அக்கா வெளியே வந்தார். முகமெல்லாம் வெளிச்சம். என் தோளில் கையைப் போட்டுக்கொண்டார்.

"அனு, நீ பேச வேணாம்டி. அவங்க ஊர்ல ஒரு புள்ளையோட கஷ்டத்த விருந்தாளிங்க முன்னாடி சொல்ல வைக்கவே மாட்டாங்களாம். விருந்தாளி போயிருவான், அந்தப் புள்ளதான் அத சுமந்துகிட்டு நிக்கணும்னு சொன்னாங்க. எனக்கு இத்தன வருசமா இது தோணவே இல்ல. எத்தன புள்ளைங்கள அந்த மைக் முன்னாடி நிறுத்தியிருக்கேன்."

நான் நின்றுகொண்டிருந்தேன்.

"நிம்மதியா?"

"நிம்மதிக்கா" என்றேன்.

என்னைக் கும்மியில் சேர்த்துவிட்டார்கள். மூன்றாவது வரிசை.

பிப்ரவரி 5, புதன்

கலெக்டர் ஆபீஸிலிருந்து ஒரு மேடம் வந்தார். கும்மி அடித்தோம். எல்லோரும் கை தட்டினார்கள். அந்த மேடம் என் கன்னத்தைத் தட்டி நன்றாகப் படிக்கச் சொன்னார். அவர் கை என் முகத்தில் இருந்தபோது வாயைத் திறந்தேன். "தேங்க்யூ மேடம்" என்று வந்தது.

மதியம் சமையலறையில் பிளெஸ்ஸி அக்கா தனியாக வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். நானும் உரித்தேன். நேற்றுச் சொன்னதையே சந்தோஷமாகப் பேசிக்கொண்டிருந்தார். இனிமேல் யாரிடமும் எதையும் தோண்டிக் கேட்கமாட்டேன் என்றார். பிள்ளைகளே தாங்களாகச் சொன்னால்தான் உண்டு என்றார். "ஏதாவது சொல்லணுமா அனு?" என்று ஒரே ஒரு தடவை கேட்டிருந்தால் போதும். அவர் கேட்கவில்லை. மூன்று கிலோ வெங்காயம் உரித்தோம்.

கண் எரிகிறது.

பிப்ரவரி 6, வியாழன்

எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை.

இன்று கடைசி வட்டம். நாளை அவர்கள் கிளம்புகிறார்கள். எல்லோரும் அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் இருந்தார்கள். ஹசீனா ஊர்மாஸ் அண்ணனுக்குக் கையில் மருதாணி போட்டுவிட்டிருந்தாள். அவர் அதைக் கழுவாமல் இரண்டு கையையும் முன்னால் நீட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

வட்டம் என் பக்கம் வந்துகொண்டிருந்தது. எனக்கு முன்னால் ஐந்து பேர், நான்கு பேர். ஆங்கில வாக்கியத்தைச் சொல்லலாம் என்று நினைத்தேன். முதல் வார்த்தையே மறந்துவிட்டது. நூறு தடவை சொன்ன வாக்கியம். என் முறை வந்தது. பிளெஸ்ஸி அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"எந்தங்கச்சிக்குத் திங்கக்கெழம கல்யாணம்" என்றேன். தமிழில்தான் வந்தது.

யாரும் எதுவும் சொல்லவில்லை. விதி அப்படி. காத்ரின் அக்காவுக்குப் புரியவில்லை. என்னைப் பார்த்து மெதுவாகத் தலையசைத்து நன்றி சொன்னார், எல்லோருக்கும் சொல்வதுபோல. எனக்கு அடுத்து உட்கார்ந்திருந்த சின்னப்பெண் என்னைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள், "எனக்கு மழை" என்றாள். அதற்கடுத்தவள், "எனக்கும் மழை, கொஞ்சம் காத்து" என்றாள்.

வட்டம் என்னைத் தாண்டிப் போய்விட்டது. சொல்லியும் ஆகிவிட்டது, ஒன்றும் ஆகவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. நிஜமாகவே சிரிப்புதான் வந்தது.

அடுத்தவள் சொல்ல வாயெடுத்தபோதுதான் கவனித்தேன், நான் சொன்னதிலிருந்தே பிளெஸ்ஸி அக்கா மொழிபெயர்க்கவில்லை. எனக்கு அப்புறம் இரண்டு பேர் சொன்னதையும் சொல்லவில்லை. காத்ரின் அக்கா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இருங்க" என்றார் பிளெஸ்ஸி அக்கா. எழுந்து நின்றுவிட்டார். "எல்லாரும் இருங்க. அனு, என்ன சொன்ன? திரும்பச் சொல்லு."

"எந்தங்கச்சிக்கு..."

"என்ன வயசு அவளுக்கு?"

"பதிமூணு."

"எந்தத் திங்கக்கெழம?"

"வர்ற திங்கக்கெழம. காலையில நாலரை. மலையடி முனியப்பன் கோயில். நாளைக்கே நலங்கு."

எல்லாவற்றையும் அப்படியே சொன்னேன். அம்மா என் வாயில் வைத்தது மாதிரி வரிசையாக வந்தது.

ஹசீனா எழுந்து வந்து என் பின்னால் உட்கார்ந்து என் இடுப்பைச் சுற்றிக் கையைப் போட்டுக்கொண்டாள். இறுக்கமாக. வலித்தது. எடுக்கச் சொல்லவில்லை.

பிப்ரவரி 7, வெள்ளி

நேற்றே குழந்தைகள் உதவி எண் 1098க்குச் சொல்லிவிட்டார்கள். காலையில் சமூகநலத் துறையிலிருந்தும் காவல் நிலையத்திலிருந்தும் வந்து எழுதிக்கொண்டு போனார்கள்.

அதற்கு முன்னால் மேடம் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டார்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"ஃபோன் பண்ணேன் மேடம்."

"எத்தன தடவ?"

"நாலு."

"யாருக்கு?"

"ஊர்ல ஒரு அக்காவுக்கு."

"எந்த அக்கா?"

மேடம் மேசையைத் தட்டினார். பிளெஸ்ஸி அக்கா, "மேடம், அது இப்ப முக்கியமில்ல" என்றார். மேடம் அவரையும் திட்டினார். விதி எதற்காக இருக்கிறது, இருபத்திரண்டு பேரையும் நான் எப்படிக் காப்பாற்றுவது என்றார். குரல் உடைந்தது. மேடம் பயந்து நான் பார்த்ததே இல்லை. சேலம் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. இன்னும் எடுக்கவில்லை.

ஜனனி வீட்டு ஃபோன் என்பதையும் சொல்லவில்லை. இல்லத்துக்குப் போலீஸ் வந்தது தெரிந்து, பள்ளியில் இன்று அவள் என்னோடு பேசவில்லை.

நான் பள்ளியிலிருந்து வந்ததும் வெளிநாட்டுக்காரர்கள் கிளம்பினார்கள். வேன் நின்றுகொண்டிருந்தது. காத்ரின் அக்கா என் முன்னால் மண்டிபோட்டு உட்கார்ந்து ஏதோ சொன்னார். மூக்கெல்லாம் சிவந்திருந்தது. பிளெஸ்ஸி அக்காவுக்கும் அவருக்கும் ராத்திரி முழுக்க வாக்குவாதமாம்.

"என்ன சொல்றாங்கக்கா?"

"நீ மைக்ல என்னடி சொல்ல இருந்தன்னு கேக்கறாங்க."

"இதத்தான்."

பிளெஸ்ஸி அக்கா அதை அவருக்குச் சொன்னார். அப்புறம் காத்ரின் அக்கா நீளமாகப் பேசினார்.

"அவங்க ஊர்ல ஒரு புள்ளைய பத்து ஆபீசர் பத்து தடவ கேப்பாங்களாம். கேட்டுக் கேட்டுப் புள்ள நொந்துபோவுமாம். அதுக்குத்தான் அந்த விதி. இங்க உன்ன ஒருத்தருமே கேக்கலன்னு தெரியாமப் போச்சேன்னு சொல்றாங்க." அக்கா நிறுத்தினார். "அது அவங்க தப்பில்ல அனு. கூடவே இருந்தவ நான். வெங்காயம் உரிச்சிகிட்டு இருந்தேன்."

பரவாயில்லை என்றேன். பரவாயில்லையா என்று எனக்குத் தெரியாது. ரேணு இன்னும் வரவில்லை.

இப்போது வீட்டில் நலங்கு நடந்துகொண்டிருக்கும். அல்லது போலீஸ் போயிருக்கும். இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்க்கிறேன்.

பிப்ரவரி 8, சனி

மாலை ஐந்து மணிக்கு ஜீப் வந்தது.

ரேணு இறங்கினாள். முகம், கை, கால் எல்லாம் மஞ்சள். பச்சைப் புடவை. அதை யாரோ ஒரு போலீஸ் அக்கா தூக்கிச் செருகிவிட்டிருந்தார், தடுக்காமல் இருக்க. நான் முதலில் அவள் கழுத்தைத்தான் பார்த்தேன். ஒன்றும் இல்லை.

"ரேணு" என்றேன்.

என்னைத் தாண்டிப் போய் பிளெஸ்ஸி அக்காவிடம், "பாத்ரூம் எங்க?" என்று கேட்டாள்.

குளித்துவிட்டு என் சுடிதாரைப் போட்டுக்கொண்டு வந்தாள். மஞ்சள் முழுதாகப் போகவில்லை. தோசை மூன்று சாப்பிட்டாள். நான் பக்கத்தில் உட்கார்ந்ததும் எழுந்து ஹசீனாவின் அந்தப் பக்கம் போய்ப் படுத்துக்கொண்டாள். சுவரைப் பார்த்தபடி.

ஹசீனா மெதுவாகக் கேட்டாள், "உங்கக்காமேல கோவமா?"

"ரெண்டு நாள்னு சொன்னா" என்றாள் ரேணு. அவ்வளவுதான்.

நேற்று அதிகாரிகள் போனபோது அப்பா, இது மஞ்சள் நீராட்டு, கல்யாணம் இல்லை என்றாராம். பெண்ணுக்குப் பதினெட்டு முடிந்துவிட்டது, பள்ளிக்கூடத்தில் வயதைக் குறைத்துப் போட்டுவிட்டார்கள் என்றும் சொன்னாராம். ஊரில் எல்லோரும் ஆமாம் என்றார்களாம். இன்று மறுபடியும் போலீஸோடு போய்த்தான் கூட்டிவந்திருக்கிறார்கள். திங்கட்கிழமை குழந்தைகள் நலக் குழுவில் வயது கேட்பார்கள். வீட்டில் சான்றிதழ் எதுவும் இல்லை என்று அப்பா சொல்லிவிட்டார். இல்லாவிட்டால் எலும்பை எக்ஸ்ரே எடுத்து வயது பார்ப்பார்களாம். ரேணு உயரம். அதுதான் பயமாக இருக்கிறது.

பிப்ரவரி 9, ஞாயிறு

காலை பத்து மணிக்கு கேட்டுக்கு வெளியே சத்தம். அம்மா. எட்டு மாதம் கழித்துப் பார்க்கிறேன். இளைத்திருந்தாள். சாலைக்கு அந்தப் பக்கம் அப்பாவும் சென்றாயன் மாமாவும் வண்டியில் சாய்ந்து நின்றார்கள். மாமா தலையைக் குனிந்திருந்தார்.

"எவ சொன்னது? எங்குடியக் கெடுத்தவ எவ? வெளிய வரச் சொல்லு அவள!" கம்பியைப் பிடித்து ஆட்டிக்கொண்டு கத்தினாள். நெஞ்சில் அடித்துக்கொண்டாள். மேடம் எங்களை உள்ளே போகச் சொன்னார். யார் பெயரையும் சொல்லமாட்டோம், ஃபோன் வந்தது என்று மட்டும் சொல்வோம், நீ உள்ளே போ அனு என்றார் பிளெஸ்ஸி அக்கா.

என் கால் முன்னால் நடந்தது. தைரியம் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

"நான்தாம்மா சொன்னேன்" என்றேன். சாலைக்கு அந்தப் பக்கம் கேட்கும்படி சொன்னேன்.

அம்மா கத்துவதை நிறுத்தினாள். கம்பிக்கு நடுவில் என்னைப் பார்த்தாள். சேலத்துக்கு ஒரு பஸ் போனது.

"உனக்கு யாரு சொன்னது?" என்றாள். குரல் வேறு மாதிரி இருந்தது.

"யாரும் சொல்லல. நானா தெரிஞ்சிகிட்டேன்."

அதற்கப்புறம் இன்னும் அதிகமாகக் கத்தினாள். நீ என் வயிற்றில் பிறந்தவளே இல்லை என்றாள். உனக்கு வந்த சாவு எனக்கு வரட்டும் என்றாள். எனக்கு நன்றாகக் கேட்டது, அவள் மாற்றிச் சொன்னாள். கடைசியில் கட்டைப்பை ஒன்றைத் தூக்கி கேட்டுக்கு மேலாக உள்ளே எறிந்தாள்.

"அந்த ஓடுகாலியோட துணிமணி எனக்கு எதுக்கு? நீங்களே வச்சிக்கங்க! ரெண்டும் எனக்குச் செத்துப்போச்சு!"

அப்பா வந்து கையைப் பிடித்து இழுத்துப் போனார். வண்டியில் ஏறும்போது அம்மா திரும்பவில்லை.

பையை நான் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன். கனமாக இருந்தது. ரேணு பாயில் உட்கார்ந்திருந்தாள். அவள் முன்னால் வைத்தேன். அவள் பிரிக்கவில்லை, நான் பிரித்தேன்.

மேலே இரண்டு பழைய பாவாடை. அதற்குக் கீழே துணி ஒன்றும் இல்லை. எட்டாம் வகுப்புப் புத்தகங்கள் எல்லாம் இருந்தன. ஜாமெட்ரி பாக்ஸ். சீருடை, இஸ்திரி போட்டது. ரேணுவின் தேங்காய் எண்ணெய் பாட்டில், மூடி கசியாமல் பாலித்தீன் கட்டி. அடியில் ஒரு பிளாஸ்டிக் உறை. அதற்குள் ரேணுவின் ஆதார் அட்டை, சாதிச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ்.

பிறப்புச் சான்றிதழ் புதுத் தாள். இ-சேவை மையத்தில் எடுத்த நகல். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. அந்த மையத்துக்குப் போக எங்கள் ஊரிலிருந்து இரண்டு பஸ் மாற வேண்டும். அங்கே வரிசையில் நிற்க வேண்டும், பிள்ளை பிறந்த தேதியைச் சொல்ல வேண்டும், எதற்கு என்று கேட்டால் ஏதாவது பதில் சொல்ல வேண்டும்.

ரேணு என் கையிலிருந்து தாளை வாங்கிப் பார்த்தாள். எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். கீழே சின்ன எழுத்தில் எடுத்த தேதி போட்டிருந்ததை விரலை வைத்துக் காட்டினாள்.

ஜனவரி 30. நான் வட்டத்தில் சொன்னதற்கு ஒரு வாரம் முன்னால்.